அந்தலூஸில் ஒன்பது இரவுகள்

"இதில் உம்மா எப்போது உட்காருவது?"

எனது மனைவி கேட்ட இந்த ஒரு கேள்விதான் எங்கள் ஸ்பெயின் பயணத் திட்டத்தை முழுவதுமாகத் திருத்தி எழுத வைத்தது.

அறபுக் கல்லூரியில் இஸ்லாமிய வரலாறு கற்பிப்பவன் நான். குர்துபா, கர்னாதா, இஷ்பீலிய்யா என்று கரும்பலகையில் எழுதி எழுதியே பல வருடங்களைக் கழித்தவன். லண்டனில் குடியிருக்கும் எனது தம்பி 2023ஆம் ஆண்டு எங்களையும் உம்மாவையும் அழைத்தபோது, "நாநா, ஸ்பெயினுக்கும் போய் வருவோம். திட்டத்தை நீங்களே போடுங்க" என்று பொறுப்பைத் தந்துவிட்டான். மூன்று இரவுகள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எழுதினேன். ஒன்பது நாட்கள், பதினொரு ஊர்கள், இருபத்து மூன்று இடங்கள்! எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அதைத்தான் மனைவி ஒரு கோப்பைத் தேநீரோடு வாசித்துவிட்டு இப்படிக் கேட்டார்.

உம்மாவுக்கு எழுபது வயது. முழங்கால் வருத்தம். பிறந்தது வெலிகமக் கடற்கரையில். வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் ஐம்பது வருடங்களாகக் கண்டிப் பக்கத்து மலையூரில் வாசம். அவரிடம் போய், "உம்மா, நீங்க எதைப் பார்க்க விரும்புறீங்க?" என்று கேட்டேன். அதுவரை அவரிடம் அதை யாரும் கேட்டிருக்கவில்லை. "எனக்கு மாளிகையெல்லாம் வாணா மகன். கடலப் பாத்துக்கிட்டு ரெண்டு நாள் சும்மா குந்தினாப் போதும். சோறு ஆக்காம" என்றார்.

கடைசியாகச் சொன்ன அந்த இரண்டு வார்த்தைகளும் என்னை வெட்கப்பட வைத்தன. நமது குடும்பப் பயணங்களை நினைத்துப் பாருங்கள், சகோதரிகளே! நுவரெலியாவுக்குப் போனாலும் கதிர்காமத்துக்குப் போனாலும் சட்டி, பானை, அடுப்பு எல்லாம் வேனில் ஏறுகின்றன. இடத்தைப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம். வெங்காயம் உரிப்பவர்கள் மறுபக்கம். வீட்டில் இருந்த வேலையே வேறோர் ஊரில் தொடர்கிறது. அதற்குப் பெயர் பெண்களுக்கு விடுமுறையா?

இன்று நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளின் பிள்ளைகள் லண்டனிலும் பாரிஸிலும் இத்தாலியிலும் வாழ்கிறார்கள். பெற்றோரை அழைத்துப் பல இடங்களையும் காட்ட வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருக்கிறது. மத்தியதரைக் கடலோரம் ஐரோப்பாவில் வசிப்போருக்குக் கைக்கெட்டிய தூரம். அந்தக் குடும்பங்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில் எங்கள் அனுபவத்தை, அதில் விட்ட தவறுகளோடு சேர்த்து எழுதுகிறேன்.

மூன்று மூன்றாகப் பிரித்தோம்

பதினொரு ஊர்களில் எட்டு அடிபட்டுப் போயின. இறுதியில் எஞ்சியது இதுதான். கொர்டோவாவில் மூன்று இரவுகள், கிரனாடாவில் மூன்று இரவுகள், கடலோரச் சிற்றூரான அல்முனெகரில் மூன்று இரவுகள். ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம்; அதுவும் காலையில். பிற்பகல் ஓய்வு. மாலையில் பெயர் தெரியாத தெருக்களில் உலாவுதல். வழியில் வரும் சிறிய ஊர்களுக்குத் தங்காமல் சில மணி நேரம் மட்டும்.

இப்படி வைத்ததற்கு மார்க்க ரீதியான ஒரு வசதியும் உண்டு. ஷாபிஈ மத்ஹபின்படி, போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் ஓரிடத்தில் தங்குவதாக நிய்யத் வைத்தால் பயணி என்ற சலுகை நீங்கிவிடும். மூன்று இரவுகள் என்றால் கஸ்ராகவும் ஜம்உ ஆகவும் தொழுதுகொள்ளலாம். சிறு பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இலகு என்பது போனால்தான் விளங்கும்.

காலத்தைத் தெரிவு செய்வதும் முக்கியம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கொர்டோவாவின் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது சாதாரணம். நாங்கள் செப்டம்பர் இறுதியில் போனோம். பகலில் வெயில் இருந்தாலும் காலையும் மாலையும் இதமாக இருந்தன. கடல் நீரில் கோடையின் சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை. அந்நாட்களில் அங்கே சூரியன் உதிப்பது காலை எட்டு மணியளவில். லுஹர் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர். மஃரிப் இரவு எட்டு மணியை அண்டி. ஸுபஹ் தொழுதுவிட்டு அவசரமின்றிப் புறப்பட முடிந்தது. காலையில் ஓரிடத்தைப் பார்த்து முடித்துவிட்டுத் தங்குமிடத்துக்கு வந்து லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழவும் முடிந்தது.

கொர்டோவா: தூண்களின் நடுவே

லண்டனிலிருந்து விமானத்தில் மாலகா நகருக்கு வந்து, அங்கிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் கொர்டோவாவை அடைந்தோம்.

பெரிய பள்ளிவாசலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலாம் அப்துர் ரஹ்மான் அதன் கட்டட வேலையை 785ஆம் ஆண்டளவில் ஆரம்பித்தார். பின்வந்தோர் விரிவுபடுத்தினர். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் அல்மன்ஸூரின் காலத்தில் அது இன்றைய அளவை அடைந்தது. 850க்கும் மேற்பட்ட தூண்கள் இன்றும் நிற்கின்றன. சிவப்பும் வெள்ளையுமான வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கில் செல்கின்றன. இரண்டாம் ஹகமின் காலத்து மிஹ்ராபில் பொன்னிறக் கண்ணாடித் துணுக்குகளால் பதித்த எழுத்துக்கள் நேற்று எழுதியவை போல் மின்னுகின்றன. 1236இல் நகரம் வீழ்ந்ததும் அது தேவாலயமாக மாற்றப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் தூண்களின் நடுப்பகுதியை இடித்துப் பெரிய ஆலயமொன்றை எழுப்பினார்கள். இன்றும் அது கத்தோலிக்க ஆலயம். முஸ்லிம்கள் அங்கே தொழ அனுமதி இல்லை. காவலர்கள் கவனமாக இருக்கிறார்கள்.

இதை உம்மாவிடம் முந்திய இரவே சொல்லி வைத்தேன். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உள்ளே போய் நின்ற பிறகு ஒரு காவலர் வந்து தடுத்தால் அந்த மனம் என்ன பாடுபடும்? உம்மா மிஹ்ராபின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். உதடுகள் அசைந்தன. பின்னர் ஒரு தூணில் கையை வைத்துக்கொண்டு, "இவ்வளவு தூணையும் யாரு மகன் கூட்டித் துடைச்சிருப்பாங்க?" என்று கேட்டார். இருபது வருடங்களாக வரலாறு கற்பிக்கும் எனக்கு அப்படியொரு கேள்வி ஒருபோதும் தோன்றியதில்லை.

அந்நகரத்துப் பெண்களைப் பற்றி அன்றிரவு எல்லோரிடமும் பேசினேன். இரண்டாம் ஹகமின் அரண்மனையில் செயலாளராகப் பணிபுரிந்த லுப்னா கணக்கிலும் இலக்கணத்திலும் கையெழுத்திலும் பேர்பெற்றவர். ஆயிஷா பின்த் அஹ்மத் என்ற கவிஞர் தம் கைப்பட முஸ்ஹப்களை எழுதியவர். கொர்டோவாவின் கிழக்குப் புறநகரில் மட்டும் 170 பெண்கள் கூஃபி எழுத்தில் குர்ஆன் பிரதிகளை எழுதி வந்ததாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் குறித்து வைத்துள்ளனர். தம்பியின் பதினான்கு வயது மகள் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை, நகரிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் தொலைவில் உள்ள மதீனத்துஸ் ஸஹ்ராவுக்குப் போனோம். மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936இல் கட்டத் தொடங்கிய அரச நகரம் அது. எழுபத்தைந்து வருடங்கள்கூட நிலைக்காமல் உள்நாட்டுக் குழப்பத்தில் அழிந்தது. பள்ளிவாசலுக்கு வருகின்ற கூட்டத்தில் சிறு பங்குதான் இங்கே வருகிறது. அமைதியாகப் பார்க்கலாம். நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் மறக்கக் கூடாது. உம்மா நூதனசாலையில் உட்கார்ந்திருக்க, நாங்கள் அங்கிருந்து செல்லும் பஸ்ஸில் இடிபாடுகளைப் பார்த்து வந்தோம்.

மாலையில் பழைய தெருக்களில் நடந்தோம். கொர்டோவாவின் வீடுகள் வெளியே வெறும் வெள்ளைச் சுவர். உள்ளே எட்டிப் பார்த்தால் நடுமுற்றம், கிணறு, சுவரெல்லாம் பூச்சட்டிகள். மே மாதத்தில் இம்முற்றங்களுக்கென்றே ஒரு விழா எடுக்கிறார்கள். 2012இல் யுனெஸ்கோவும் அதை மரபுரிமையாக ஏற்றது. நம் முன்னோரின் நடுமுற்ற வீடுகள் ஞாபகத்துக்கு வந்தன.

ஜய்யான்: ஓர் ஆசிரியரின் ஊர்

கொர்டோவாவிலிருந்து வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, நேர் வழியை விட்டு ஹாயென் நகரின் ஊடாகக் கிரனாடாவுக்குச் சென்றோம். சுற்றுலாப் பயணிகள் அதிகம் எட்டிப் பாராத நகரம் அது. அறபியில் ஜய்யான். எங்கள் திட்டத்தில் எனக்காக மட்டும் சேர்த்துக்கொண்ட ஒரே இடம்.

ஏன் தெரியுமா? அறபுக் கல்லூரிகளில் இலக்கணம் படித்தவர்கள் அனைவரும் சிறு வயதில் மனனமிட்ட 'அல்ஃபிய்யா'வை இயற்றிய இமாம் இப்னு மாலிக் பிறந்த ஊர் இது. ஆயிரம் அடிகள்! ஒரு வரி பிழைத்தால் உஸ்தாதின் பிரம்பு பேசும். அந்த மேதை இளமையிலேயே கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, 1274இல் திமிஷ்கில் மறைந்தார். 1246இல் ஜய்யான் கைமாறியது. ஓர் அந்தலூஸ் அகதி எழுதிய இலக்கணம் நம் ஊர்ப் பள்ளிவாசல் திண்ணைகள் வரை வந்து சேர்ந்திருக்கிறது!

ஊரில் 11ஆம் நூற்றாண்டின் பொதுக் குளியற்கூடம் ஒன்று பழுதின்றி இருக்கிறது. கூரையில் நட்சத்திர வடிவத் துவாரங்கள். அவற்றினூடே ஒளி விழுகிறது. ஊரைச் சுற்றிப் பார்த்த இடமெல்லாம் ஒலிவ மரங்கள். அந்த மாகாணத்தில் மட்டும் ஆறு கோடிக்கும் மேல் என்கிறார்கள். நம் நாட்டில் தேயிலை மலைகளைப் பார்ப்பது போல, வண்டி ஓட ஓட வரிசைகள் முடிவதே இல்லை.

வேனில் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வைத்தேன். ஸ்பானிய மொழியில் ஒளிந்திருக்கும் அறபுச் சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டும். 'அஸெய்த்தே' என்றால் எண்ணெய். அது நம் 'ஸைத்'. 'அஸூக்கர்' சீனி; 'ஸுக்கர்'. 'அரொஸ்' அரிசி, 'அருஸ்'. 'நரான்ஹா' தோடம்பழம், 'நாரஞ்ச்'. இந்தச் சொல் நம் 'நாரத்தை'யோடு உறவுடையது என்றும் அதன் வேர் தென்னிந்திய மொழிகளில் இருக்கிறது என்றும் மொழியறிஞர் பலர் கூறுகின்றனர் என்றதும், ஆறு வயதுச் சின்னவன் ஒவ்வொரு தோடை மரத்தையும் பார்த்து "இது நம்மட மரம்!" என்று கத்தத் தொடங்கிவிட்டான்.

கிரனாடா: நான் விட்ட தவறு

இனித்தான் எனது குற்ற ஒப்புதல்.

அல்ஹம்ராவைப் பார்க்க வருகிறவர்கள் தொகை மிக அதிகம். அதிலும் நஸ்ரி அரண்மனைகளுக்குள் நுழைய ஒவ்வொரு டிக்கட்டிலும் குறிப்பிட்ட நேரம் அச்சிடப்பட்டிருக்கும். அந்த நேரம் தவறினால் விடமாட்டார்கள். டிக்கட்டில் பெயர் இருக்கும். கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய முடியும். நானோ, விமானம், தங்குமிடம், வேன் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, "டிக்கட்டுக்கு இன்னும் நாளிருக்கிறதே" என்று இருந்துவிட்டேன். தம்பி தேடிப் பார்த்தபோது அரண்மனை டிக்கட்டுகள் மூன்றே மூன்றுதான் மிஞ்சியிருந்தன. மற்றவர்களுக்கு தோட்டங்களையும் கோட்டையையும் மட்டும் பார்க்கக் கூடிய டிக்கட்.

மூன்று பேர் யார்? தம்பி என்னைப் பார்த்தான். "நாநா, நீங்கதானே இத்தனை வருஷமா..." என்றான். உண்மைதான். சிங்க முற்றத்தைப் பற்றி எத்தனை முறை பாடம் நடத்தியிருக்கிறேன்! ஆனால் எனது கவலையீனத்துக்கு வீட்டுப் பெண்கள் ஏன் தண்டனை பெற வேண்டும்? மனைவியையும் தம்பியின் மனைவியையும் மூத்த மகளையும் அனுப்பி வைத்தோம். தம்பியும் நானும் இரண்டு சிறுவர்களோடும் உம்மாவோடும் தோட்டத்துக்குப் போனோம்.

அந்தத் தோட்டத்தின் பெயர் ஹெனரலிஃபே. நம் அறபியில் ஜன்னத்துல் அரீஃப். தர்ரோ ஆற்று நீரைச் சுமார் ஆறு கிலோமீற்றர் தூரத்திலிருந்து வாய்க்கால் வெட்டி மலை மேல் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்கு நின்றாலும் நீரின் சத்தம். ஒரு படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில்கூட நீர் ஓடுகிறது. உம்மா அதன் அடியில் உட்கார்ந்து, ஓடும் நீரில் விரல்களை வைத்துக்கொண்டு, "இது ஒளுச் செய்யச் சுகமான இடம்" என்றார். அரை மணி நேரம் எழும்பவில்லை. நானும் எழுப்பவில்லை.

அரண்மனைக்குள் போனவர்கள் திரும்பி வந்தார்கள். மகளின் முகம் மாறியிருந்தது. "பெரியவாப்பா, சுவரெல்லாம் ஒரே வசனம் திரும்பத் திரும்ப எழுதியிருக்கு. நானே வாசிச்சிட்டேன். 'வலா காலிப இல்லல்லாஹ்'!" அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் எவருமில்லை என்ற அந்த வாசகம் நஸ்ரி அரசர்களின் முத்திரை மொழி. லண்டனில் பிறந்த பிள்ளை. சனிக்கிழமை மத்ரஸாவில் ஓதப் பழகியவள். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வெறும் அலங்காரமாகத் தெரிந்ததை அவள் எழுத்தாக வாசித்திருக்கிறாள். நான் போயிருந்தால் இப்படி அவளிடமிருந்து கேட்டிருக்க மாட்டேன். ஆனாலும் உண்மையைச் சொல்வதானால், அன்றிரவு எனக்குச் சிறிது துக்கமாகத்தான் இருந்தது.

மாலையில் எதிரே உள்ள அல்பைஸீன் குன்றுக்குச் சிறிய பஸ்ஸில் ஏறினோம். அங்கே 2003இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. ஐந்நூறு வருடங்களுக்குப் பிறகு அந்நகரில் கட்டப்பட்ட முதல் பள்ளிவாசல். அதன் தோட்டத்தில் நின்றால் பள்ளத்தாக்குக்கு அப்பால் அல்ஹம்ரா முழுவதும் தெரிகிறது. உம்மா அங்கே மஃரிப் தொழுதார். கொர்டோவாவில் அடக்கி வைத்திருந்த கண்ணீர் அங்கேதான் வந்தது.

கிரனாடா 1492 ஜனவரி 2ஆம் திகதி கையளிக்கப்பட்டது. கடைசி மன்னர் அபூ அப்தில்லாஹ் கணவாயில் நின்று அழுததாகவும், ஆண்மகனைப் போல் காக்க முடியாததற்குப் பெண்ணைப் போல் அழுவதாகத் தாய் ஏசியதாகவும் ஒரு கதை உண்டு. நம் மேடைகளிலும் அதைச் சொல்வார்கள். அது பிற்காலத்தில் எழுந்த கதை. அழுவது பெண்ணுக்குரிய பலவீனம் என்று சொல்லும் அக்கதையை விட, ஆதாரமுள்ள இன்னொரு தாயின் செய்தி எனக்குப் பிடிக்கும். 1344இல் நம் புத்தளத்தில் தங்கி, பாவா ஆதம் மலை ஏறிய அதே இப்னு பதூதா, 1350இல் கிரனாடாவுக்கும் போனார். அப்போது சுல்தான் நோயுற்றிருந்ததால் அவரைச் சந்திக்க முடியவில்லை. சுல்தானின் தாயார்தான் அந்த வழிப்போக்கருக்குத் தங்க நாணயங்கள் அனுப்பி உதவினார். இப்னு பதூதாவே இதை நன்றியோடு பதிந்துள்ளார்.

கால் பலமுள்ளவர்கள் கிரனாடாவிலிருந்து ஒரு நாளை அல்புஹாரா மலைக் கிராமங்களுக்கு ஒதுக்கலாம். பம்பனெய்ரா, கபிலெய்ரா போன்ற ஊர்களின் தட்டையான கூரைகளும், முஸ்லிம்கள் வெட்டிய வாய்க்கால்களில் இன்றும் ஓடும் நீரும் பார்க்கத்தக்கவை. வளைவுப் பாதை, நம் பதுளைப் பாதையை நினைவுபடுத்தும் என்று தம்பி சொன்னான். உம்மாவோடு நான் தங்குமிடத்திலேயே இருந்துவிட்டேன்.

அல்முனெகர்: உம்மாவின் கடல்

கிரனாடாவிலிருந்து எண்பது கிலோமீற்றர் தெற்கே இறங்கினால் கடல். புகழ்பெற்ற பெரிய கடற்கரை நகரங்களை விட்டு அல்முனெகரை நாங்கள் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. உமையாக்களின் வாரிசான முதலாம் அப்துர் ரஹ்மான், அப்பாசியரின் வாளுக்குத் தப்பி, ஐந்து வருடம் அலைந்து, பெர்பர் இனத்தவரான தம் தாயின் உறவினரிடம் தஞ்சம் புகுந்திருந்து, 755இல் கடல் கடந்து வந்து இறங்கிய இடம் இது. அன்று அதன் பெயர் அல்முனக்கப். கொர்டோவாப் பள்ளிவாசலின் கதை உண்மையில் இந்தக் கரையில்தான் ஆரம்பமாகிறது. கடலுக்குள் நீண்ட பாறையின் அடியில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். இரு பக்கமும் நீண்ட கடற்கரை.

மணல் நம் நாட்டைப் போல் பொன்னிறமன்று. சாம்பல் நிறம், கூழாங்கற்கள் கலந்தது. இறப்பர் செருப்பு அவசியம். ஸ்பானியர்கள் பிந்தித்தான் கடலுக்கு வருவார்கள். காலை ஒன்பது மணியளவில் போனால் கரை வெறிச்சோடிக் கிடக்கும். எங்கள் பெண்கள் முழு உடையோடும் முந்தானையோடும் நீரில் இறங்கினார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் எச்சரிக்க வேண்டும். ஊருக்கு வெளியே பாறைகளுக்கிடையில் இருக்கும் சில சிறு குடாக்கள் ஆடையின்றிக் குளிப்போருக்கென வழக்கமானவை. அருகில் உள்ள கந்தரிஹான் அப்படியான ஒன்று. 'அழகிய தனிமையான கரை' என்ற விளம்பரத்தை மட்டும் நம்பிக் குடும்பத்தோடு போய்விடாதீர்கள். தங்குமிடத்தில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

உம்மா மூன்று காலைகளும் கடலைப் பார்த்துக் கதிரையில் அமர்ந்திருந்தார். தஸ்பீஹ் கையில். பேரப்பிள்ளைகள் நீரில். மூன்றாம் நாள் தானாகவே எழுந்து முழங்கால் அளவு நீரில் நின்றார். வெலிகமையில் சிறுமியாக இருந்தபோது ராத்தாமாரோடு கடலில் விளையாடிய கதைகளைச் சொன்னார். நாங்கள் அவற்றை ஒருநாளும் கேட்டதில்லை.

சமையல் யார்? சமையலறையோடு கூடிய வீடுதான் எடுத்திருந்தோம். ஆனால் அடுப்புப் பக்கம் பெண்கள் போவதில்லை என்று முதலிலேயே உடன்பாடு. காலை உணவு தம்பி, இரவு நான். முதல் நாள் பருப்பை அடிப்பிடிக்க வைத்தேன். உம்மா கொண்டுவந்த மாசிச் சம்பல் மானத்தைக் காப்பாற்றியது. பகலில் கடலோரக் கடைகளில் கம்பியில் குத்தி விறகுத் தணலில் சுட்ட சாளை மீன். எலுமிச்சை பிழிந்து சாப்பிட அருமை.

ஒரு பிற்பகல் நெர்ஹாவுக்கு மேலே உள்ள ஃபிரிஹிலியானா என்ற வெள்ளைக் கிராமத்துக்குப் போனோம். கிரனாடா வீழ்ந்த பின் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளான மொரிஸ்கோக்கள் 1568இல் கிளர்ந்தெழுந்தார்கள். அதில் இவ்வூருக்கு மேலேயுள்ள குன்றில் நடந்த போரின் கதையைத் தெருச் சுவர்களில் பீங்கான் பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். வென்றவர்களின் ஊர் தோற்றவர்களின் கதையைச் சுவரில் வைத்திருப்பதைப் பார்த்து நின்றேன். முஸ்லிம்கள் இக்கரையில் பரப்பிய கரும்பிலிருந்து பாணி காய்ச்சும் ஆலை ஒன்று இன்னும் இவ்வூரில் இயங்குகிறது. ஐரோப்பாவில் எஞ்சியுள்ள ஒரே ஆலை என்கிறார்கள். பொரித்த கத்தரிக்காயின் மேல் அந்தப் பாணியை ஊற்றித் தந்தார்கள். உம்மா சுவைத்துப் பார்த்துவிட்டு, "நம்மட கித்துள் பாணிக்குக் கிட்டவும் வராது" என்று தீர்ப்பளித்தார். ஆனால் தட்டு காலி!

புறப்படுமுன் கவனிக்க

பிரித்தானிய விசா இருந்தால் ஸ்பெயினுக்கும் போகலாம் என்று நினைத்துவிட வேண்டாம். ஷெங்கன் விசா வேறு. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இரண்டையும் ஊரிலிருந்தே எடுத்துக்கொள்வது நல்லது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதி கட்டாயம். 2024 ஜூன் முதல் வளர்ந்தவர்களுக்கான விசாக் கட்டணம் 90 யூரோ.

முதலில் அல்ஹம்ராவில் நாள் பார்த்து, அந்நாளைச் சுற்றி மற்றவற்றை அமையுங்கள். அனைவரின் பெயரையும் கடவுச்சீட்டில் உள்ளபடியே கொடுங்கள்.

உணவில் மூன்று சொற்களை மனனமிடுங்கள். 'ஸெர்தோ', 'ஹமோன்' இரண்டும் பன்றி இறைச்சியைக் குறிப்பவை. 'மந்தேகா' என்பது பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. பிஸ்கட், இனிப்புப் பண்டங்களிலும் கலக்கிறார்கள். மீன் கடையிலும் சமையலில் வைன் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். கிரனாடாவின் அல்பைஸீன் அடிவாரத்தில் மொறோக்கோ நாட்டவரின் ஹலால் கடைகள் உண்டு.

கடைகள் பல பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை மூடியிருக்கும். இரவு உணவு ஒன்பது மணிக்குத்தான் ஆரம்பிக்கும். சிறு பிள்ளைகளுக்குப் பையில் ஏதாவது வைத்திருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியல் எழுத முன் வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் ஒரு விருப்பத்தைக் கேளுங்கள். எப்போதும் 'எதுவானாலும் சரி' என்று சொல்பவரிடம் முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அது உம்மாவாகவோ மனைவியாகவோ இருக்கும்.

ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டார் வந்து உம்மாவிடம் கேட்டார்கள், "ஸ்பெயின்ல என்னென்ன பார்த்தீங்க?" பள்ளிவாசலையும் தோட்டத்தையும் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். உம்மா, "மூணு நாள் கடலுக்குப் பக்கத்துல சும்மா குந்தினன். மகன்மார் சோறாக்கினாங்க" என்றார்.

சிங்க முற்றம் எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. அடுத்த முறை, இன்ஷா அல்லாஹ், டிக்கட்டை முதலில் எடுப்பேன்.